பாயூ நகரம்: போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

பிரான்ஸின் நார்மண்டியில் இருக்கும் பாயூவுக்குப் பலரும் போவது அந்த ஒரு துணிக்காகத்தான். 1066-ல் நார்மண்டியை ஆண்ட வில்லியம் இங்கிலாந்தை வென்ற கதையைப் படம் படமாகச் சொல்லும், சுமார் 70 மீட்டர் நீளத் துணி; பெயர் ‘பாயூ டேபஸ்ட்ரி’. இப்போதைக்கு அதை நம்பி ரயில் ஏறுவதுதான் முதல் தவறு. புதுப்பிப்பு வேலைக்காக அருங்காட்சியகத்தை 2025 செப்டம்பர் 1 அன்று மூடிவிட்டார்கள்; 2027 அக்டோபரில் திறப்பதாகத் திட்டம். இடையில் 2026 செப்டம்பர் முதல் 2027 ஜூலை வரை துணியை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கு வைக்க இரு நாடுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

சரி, எங்கே பார்த்தாலும், ‘டேபஸ்ட்ரி’ என்ற பெயரை வைத்து அது தறியில் நெய்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது நெசவே இல்லை. லினன் துணிமேல் கம்பளி நூலால் போட்ட எம்பிராய்டரி. ஒரு குதிரையின் வயிற்றை மட்டும் உற்றுப் பாருங்கள். நூல்களை நெருக்கமாகப் படுக்கவைத்து, அவற்றின்மேல் இடைவெளி விட்டுக் குறுக்கே நூல் ஓட்டி, அந்தக் குறுக்கு நூலைச் சின்னச் சின்னத் தையலால் பிடித்திருப்பார்கள். அப்புறம் அதே குதிரையின் கால்கள். அந்தப் பக்கத்துக் கால்கள் பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். தள்ளியிருக்கும் காலைக் காட்ட அவர்கள் கண்ட வழி. எனக்கு இந்தத் துணியில் எதையும்விட அந்தக் கால்கள்தான் பிடிக்கும்.

நடுவில் ஓடும் கதையோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. மேலும் கீழும் ஓரப் பட்டைகள் உண்டு. ஹேலி வால்நட்சத்திரம் மேல்பட்டையில்தான் எரிகிறது. சண்டை முற்றும்போது கீழ்ப்பட்டையில் பிணங்கள் விழுந்து கிடக்கின்றன. இறந்தவனின் இரும்புச் சட்டையை ஒருவன் தலைவழியே உருவுகிறான். மேலே வீரம் நடந்துகொண்டிருக்க, கீழே இது.

வில்லியமின் ராணி மத்தில்டா தைத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வில்லியமோடு ஒரே தாய்க்குப் பிறந்த தம்பியான பாயூ ஆயர் ஓடோ செய்யச் சொன்னது, இங்கிலாந்தில் தைக்கப்பட்டது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தோற்ற நாட்டுக்காரர்களின் ஊசி இது என்று தெரிந்து பார்த்தால், இங்கிலாந்து மன்னன் ஹெரால்டு சாகும் காட்சியைக் கடந்துபோக மனம் வராது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. 1944 போரின் கடற்கரைகளைப் பார்க்க வருபவர்கள் பாயூவில் தூங்கி எழுந்து அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸை மீட்க, ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் இந்தக் கடற்கரைகளில் கரையேறின. மறுநாளே பாயூ விடுதலையானது. பக்கத்து கான் நகரம் குண்டுகளால் நொறுங்கியது, பாயூ ஏறக்குறைய முழுசாகத் தப்பியது. ஜூன் 14 அன்று சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தின் தலைவர் டி கோல் வந்து பேசியதும் இந்த ஊரில்தான்.

ஊர் ஓரத்திலேயே இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டம், இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரிட்டன், கனடா போன்ற காமன்வெல்த் நாட்டு வீரர்களுக்கு பிரான்ஸில் உள்ளவற்றில் மிகப் பெரியது. 4,600-க்கும் மேற்பட்ட கல்லறைகள். கொலவில்லில் இருக்கும் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு இதையும் பார்த்ததாக எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. இங்கே ஜெர்மன் வீரர்களும் அதே புல்வெளியில் கிடக்கிறார்கள். கல்லின் அடியில் குடும்பத்தார் பொறிக்கச் சொன்ன ஒரு வரி இருக்கும். நாலைந்தாவது நின்று படியுங்கள். எதிரே, உடல் கிடைக்காத 1,800-க்கும் அதிகமானோரின் பெயர்கள் உள்ள நினைவு மண்டபம். அதன் நெற்றியில் லத்தீனில் எழுதியிருப்பது: ‘வில்லியமிடம் தோற்ற நாங்கள், வென்றவனின் தாயகத்தை விடுவித்தோம்.’ துணியைப் பார்த்தவர்களுக்கு அந்த வரி முழுசாகப் புரியும்.

கடைசியாக, ஒரே நாளில் படைகள் இறங்கிய ஐந்து கடற்கரைகளையும் முடிக்கப் பார்க்காதீர்கள். ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கின்றன. ஒன்றுதான் முடியும் என்றால் 10 கிலோமீட்டரில் இருக்கும் அரோமான்ஷ் போங்கள். படைகளுக்குச் சாமான் இறக்க மிதந்துவந்த செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் பெட்டிகள் இன்னும் கடலில் நிற்கின்றன. கடல் உள்வாங்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனால், மணலில் கிடக்கும் துண்டுகளின் பக்கத்திலேயே நடந்து போகலாம்.