கொழும்பிலிருந்து மாலேக்கு எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போடலாம்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறையிலிருந்து ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஜிபிஎஸ்ஸில் டிகிரியும் மினிட்டும் பார்த்தே பிழைப்பவர்கள் அவர்கள். நான் எழுதுவது என் அத்தானைப் போல, திருவனந்தபுரத்திலிருந்து நேராக மாலத்தீவின் தலைநகர் மாலேக்கு விமான டிக்கெட் கிடைக்காமல் கொழும்பு வழியாக எடுத்துவிட்டு முழிக்கிறவர்களுக்கு.

போன் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும், முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. ஊர்ப் பெயரின் மேல் அழுத்தினால் கணக்கு தப்பிவிடும், ஏனென்றால் கொழும்பு விமான நிலையம் இருப்பது ஊருக்கு வடக்கே 30 கி.மீ. தள்ளி கட்டுநாயக்கவில், மாலேயின் விமான நிலையமோ ஹுல்ஹுலே என்ற பக்கத்துத் தீவில். கட்டுநாயக்க 7.18, 79.88. ஹுல்ஹுலே 4.19, 73.53. கழித்தால் 2.99, 6.35.

ஒரு டிகிரிக்கு 60 மினிட், ஒரு மினிட் என்பது ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1.852 கி.மீ., ஆக ஒரு டிகிரி ஏறத்தாழ 111 கி.மீ. இரண்டையும் 111ஆல் பெருக்கினால் 332, 705. அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்தான், இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 779 வரும். உண்மையான தூரம் சுமார் 775. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் பிசகு இத்தனை சின்னது. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வரும், 60 டிகிரியில் இடைவெளி பாதியாகிவிடும், அதனால் லண்டனுக்கும் ஐஸ்லாந்துக்கும் இந்தக் குறுக்குவழியில் கணக்குப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

நேரம் சுலபம். இந்த வழியில் பறக்கிற நடுத்தர ஜெட் உயரத்துக்குப் போனபின் மணிக்கு 830 கி.மீ. போல ஓடும், அந்தக் கணக்கில் 56 நிமிடம். ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் ஒரு அரை மணி சேர்த்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம்.

அத்தான் சறுக்கியது இதற்குப் பிறகுதான். டிக்கெட்டில் போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது இரண்டு மணி நேரம் என்று கணக்கு வரவே, "எதிர்க்காத்து இவ்ளோவா அடிக்கும்?" என்று கேட்டார். காற்று இல்லை, கடிகாரம். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்று, மாலே அரை மணி பின்னால். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும், 10 மணிக்குக் கிளம்பி ஒன்றரை மணி நேரம் பறந்தால் அங்கே 11 மணி. தூரத் தீவுக்கு மிதவை விமானத்தில் போகிறவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள், அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும், சாயங்காலம் போய் இறங்கினால் ராத்திரி மாலேயில்தான்.

திருவனந்தபுரம்–மாலே நேராக சுமார் 605 கி.மீ., கொழும்பு சுற்றினால் 1,130 கி.மீ., இடையில் காத்திருப்பது தனி. சரி, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள், முகூர்த்த நாளில் மார்த்தாண்டமும் களியக்காவிளையும் எந்தக் கணக்குக்கும் அடங்காது, பேசாமல் காலை ரயிலைப் பிடியுங்கள்.