வொர்க் ஃப்ரம் ஹோமா? இதையெல்லாம் எழுத்தில் வாங்கி வையுங்கள்

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை உரிமையாகக் கேட்க இந்தியாவில் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. மத்திய அரசு 2020 டிசம்பர் 31 அன்று சேவைத் துறைக்கு வெளியிட்ட மாதிரி நிலையாணை (நிறுவனத்தின் வேலை விதிகள்) வரைவில்கூட, நியமன நிபந்தனைக்கோ ஒப்பந்தத்துக்கோ உட்பட்டு நிறுவனம் "அனுமதிக்கலாம்" என்றுதான் இருந்தது. ஆகவே உங்கள் ஆஃபர் லெட்டரும் மெயிலும் என்ன சொல்கின்றனவோ அவைதான் உங்கள் பலம்.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. லாக்டவுன் சமயத்தில் சேர்ந்த வேலை. "நீங்க மதுரையிலேயே இருங்க, பிரச்சினையே இல்ல" என்று மேனேஜர் போனில் சொன்னார். நம்பி வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பிள்ளையை அங்கேயே பள்ளியில் சேர்த்து இரண்டு வருடம் ஓடிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது: திங்கள் முதல் சென்னை ஆபீஸுக்கு வரவும். லெட்டரை எடுத்துப் பார்த்தால் பணியிடம் சென்னை என்றுதான் இருக்கிறது. போனில் சொன்னதற்கு என்னிடம் ஒரு வரி ஆதாரம் இல்லை.

அதனால் இன்றைக்கே ஆஃபர் லெட்டரில் பணியிடம் என்ற வரியைப் படியுங்கள். ஊர் பெயருக்குக் கீழே "நிறுவனம் தேவைக்கேற்ப மாற்றலாம்" என்று இருக்கிறதா, வழக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வாய்மொழி அனுமதியோடு வேலை பார்க்கிறீர்கள் என்றால் ஹெச்ஆருக்கும் மேனேஜருக்கும் சேர்த்து ஒரு மெயில் போடுங்கள். சண்டை போடுகிற தொனி வேண்டாம், இவ்வளவு போதும்:

"இந்தத் தேதியில் நாம் பேசியபடி நான் மதுரையில் என் வீட்டிலிருந்து வேலை செய்து வருகிறேன். இந்த ஏற்பாடு எதுவரை என்பதையும், ஆபீஸுக்கு வர வேண்டியிருந்தால் எத்தனை நாள் முன்பு சொல்வீர்கள் என்பதையும் தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள்."

பதில் வந்தால் நல்லது. வராவிட்டாலும், தெரிவித்தீர்கள் என்பதற்குத் தேதியோடு ஒரு பதிவு இருக்கும்.

திடீரென்று வரச் சொல்லிவிட்டார்கள் என்றால் தயவுசெய்து பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் பதில் சொல்லாமல் ஆபீஸுக்கும் போகாமல் இருந்தால் சொல்லாமல் ஓடிப்போனவர் என்று 'அப்ஸ்காண்டிங்' போட்டுவிடுவார்கள், அப்புறம் வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் வாங்குவதே பெரிய பாடாகிவிடும். தினமும் லாகின் செய்யுங்கள், அவகாசம் கேட்டு மெயில் அனுப்புங்கள், லாகினை முடக்கிவிட்டால் அதையும் சொந்த மெயிலிலிருந்து எழுதித் தெரிவியுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 உங்களுக்குப் பொருந்தினால், தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதானால் விசாரணை நடத்தி ஆதாரம் பதிவு செய்திருக்க வேண்டும். இது பிரிவு 41. நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள்.

வேலை நேரமும் இதே சட்டத்தில் இருக்கிறது: பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் பார்த்தால் இரட்டிப்புச் சம்பளம். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதால் இந்தக் கணக்கு மாறிவிடாது. ராத்திரி பத்தரைக்கு "ஒரு சின்ன கால்" என்று கூப்பிட்டால், ஒரு சாதாரண நோட்டில் தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், யார் கூப்பிட்டார்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். வேலை நேரம் முடிந்தபின் போனை எடுக்காமல் இருக்கும் உரிமைக்காக எம்.பி. சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. அதனால் இப்போதைக்கு உங்கள் நோட்டுதான் சாட்சி.

பெண்களுக்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளோடு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. இதுவும் "அனுமதிக்கலாம்" வகைதான். ஆகவே விடுப்புக்குப் போகும் முன்பே எத்தனை மாதம், எந்த நேரம் என்று எழுத்தில் பேசி முடியுங்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஹெச்ஆரோடு பேரம் பேசும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

வீடியோ காலிலோ சாட்டிலோ ஒருவர் பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்தால், வீட்டில்தானே இருந்தோம் என்று விட்டுவிடாதீர்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் பணியிடம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் வசிக்கும் வீடும் இருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மூன்று மாதத்துக்குள் நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள்.

வேலையை விடும்போது லேப்டாப்பில்தான் வம்பு வரும். கூரியரில் அனுப்பும் முன் சீரியல் நம்பர், மூடி, ஸ்க்ரீன், சார்ஜர் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், ஆன் செய்து ஓடுவதை ஒரு வீடியோவும் எடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். பொருள் சேதம் என்று பிடித்தம் செய்வதானால் முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும், சேதத்தின் மதிப்புக்கு மேல் பிடிக்கவும் கூடாது. கொடுக்கவில்லை என்றால் இந்த ஆதாரங்களோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று, இதை இன்று ராத்திரியே செய்யுங்கள். நியமன லெட்டர், சம்பளச் சீட்டு, அனுமதி மெயில் எல்லாவற்றையும் சொந்தப் பென் டிரைவிலோ பேப்பரிலோ எடுத்து வையுங்கள். கம்பெனியின் ரகசிய ஃபைல், கிளையண்ட் டேட்டா எதையும் தொடாதீர்கள், அதையே காரணமாக்கி உங்கள் மேல் நடவடிக்கை எடுப்பார்கள். கம்பெனி லேப்டாப்பில் பென் டிரைவ் போடத் தடை இருந்தால் ஹெச்ஆரிடமே கேட்டுப் பிரதி வாங்குங்கள். லாகின் ஒரு முறை மூடிவிட்டால் உங்கள் மெயிலை நீங்களே திறந்து பார்க்க முடியாது.