வேகமும் வேண்டும், டிக்கியும் வேண்டும்: பழைய ஆக்டேவியா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசமுத்திரத்து அரிசி இரண்டு மூட்டை, உடன்குடி கருப்பட்டி ஒரு பெட்டி, சென்னையில் தனி வீடு எடுத்திருக்கும் மகனுக்கு ஒரு மர மேசை. இத்தனையும் ஏற்றிக்கொண்டு நெல்லையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நான்குவழிச் சாலையில் போக வேண்டும். ஓட்டுகிற ஆளுக்கும் அது சந்தோஷமாக இருக்க வேண்டும். கையில் இருப்பது ஏழு லட்சம்.

இந்த வேலைக்கென்றே பிறந்தது எஸ்டேட் கார், அதாவது கூரை பின்பக்கம் வரை நீண்டு, பின்னால் சாமான் இடம் பெரிதாக இருக்கும் கார். ஆனால் நம் நாட்டில் அது ஓடவே இல்லை. 1992ல் டாடா எஸ்டேட் வந்தது, போனது. ஸ்கோடா ஆக்டேவியாவின் எஸ்டேட் ரகமான காம்பி கொஞ்ச காலம் விற்றது. 2017ல் வந்த வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி நம் பட்ஜெட்டுக்கு எட்டாத உயரம். அதனால் எஸ்டேட் ஆசை உள்ளவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம், 2013 கடைசியில் இங்கே அறிமுகமான ஆக்டேவியாதான். பார்க்கச் செடான். ஆனால் பின்கண்ணாடியோடு சேர்ந்து கதவு முழுதாக மேலே திறக்கும். டிக்கி 590 லிட்டர், பின் இருக்கையை மடித்தால் 1,580 லிட்டர். அதில் 1.8 டிஎஸ்ஐ பெட்ரோல் இன்ஜின் என்றால் 180 பிஎஸ் சக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க். எனக்கு மிகவும் பிடித்த வண்டி இது. நாலு வருடமாக வைத்திருக்கிறேன். வாங்கும்போது நான் செய்த தவறுகளை இன்னொருவர் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பெரிய தவறு, ஏழு லட்சம் இருக்கிறது என்று ஏழு லட்சத்துக்கு வண்டி தேடுவது. புதிதில் இருபது லட்சத்தை ஒட்டி விற்ற வண்டி இது. இன்று அதன் விலை இறங்கியிருக்கிறது, அதன் உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. நீங்கள் கொடுப்பது ஐந்தரை லட்சம் என்றாலும், ஷோரூமில் கிளட்சுக்கு வாங்குவது இருபது லட்ச ரூபாய் வண்டியின் கிளட்சு விலைதான். ஐந்தரைக்குள் வண்டியை முடித்து, ஒன்றரையைத் தொடாமல் வங்கியில் வைத்திருங்கள். அப்படி வைக்க முடியாதென்றால் இந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம்.

அந்த ஒன்றரை லட்சம் எதற்கு? முதல் காரணம் கியர்பாக்ஸ். 1.8 டிஎஸ்ஐயில் வருவது ஏழு கியர் டிஎஸ்ஜி, கிளட்சு மிதி இல்லாமல் தானாகக் கியர் மாற்றும் பெட்டி. உள்ளே இரண்டு கிளட்சு உண்டு. ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு, மற்றது 2, 4, 6 மற்றும் ரிவர்ஸுக்கு. ஒன்று வேலை செய்யும்போதே அடுத்த கியர் தயாராகக் காத்திருக்கும், அதனால்தான் அந்த வேகமும் வழுவழுப்பும். ஆனால் இவை உலர் கிளட்சுகள், எண்ணெயில் மூழ்கி இருப்பவை அல்ல. ஊர்ந்து போகும் நெரிசலில் முதல் கியரும் இரண்டாம் கியரும் மாறி மாறி உரசும். அந்தச் சூட்டை எடுத்துப் போக எண்ணெய் கிடையாது. கிளட்சு தேய்ந்தால் வண்டி அதிரும். மெக்கட்ரானிக் என்று சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டி போனால் வண்டி நகராது. இரண்டில் எது போனாலும் செலவு லட்சத்தைத் தொடலாம்.

நான் பார்த்த வண்டியைத் தரகர் காலை ஏழு மணிக்கு பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் வைத்துக் காட்டினார். "ஒரே ஓனர் அண்ணாச்சி, சுத்தமான வண்டி" என்றார். காலியான ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டினேன், பறந்தது. மனசு அப்போதே முடிவு செய்துவிட்டது. ஒரு மாதம் கழித்து, கத்தரி வெயிலில், நெல்லை சந்திப்பு ஈரடுக்கு மேம்பால நெரிசலில் ஊர்ந்தபோதுதான் முதலிலிருந்து இரண்டுக்கு மாறும் இடத்தில் வண்டி உதறியது. கிளட்சு போய்விட்டது. ஒதுக்கி வைத்த பணம் எதுவும் என்னிடம் இல்லை. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

அதனால் சோதனை ஓட்டத்தை அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் சொல்லும் நேரத்தில் செய்யாதீர்கள். போனதும் முதலில் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே இன்ஜினை ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் முதல் சில வினாடிகளில் கடகடவென்று சங்கிலிச் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். ஸ்கோடாவின் பழைய லாரா 1.8, பழைய சூப்பர்ப் 1.8 பக்கம் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தத் தலைமுறை இன்ஜினில் டைமிங் செயின் டென்ஷனர் (அந்தச் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பழுதும், ஆயில் குடிக்கும் பழக்கமும் தெரிந்த குறைகள். அப்புறம் ஏசியைப் போட்டுக்கொண்டு மாலை ஆறு மணிக்கு நெல்லை வண்ணாரப்பேட்டை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை போய் வாருங்கள். அதிர்வு, உதறல், கியர் மாறத் தயக்கம் எல்லாம் அந்த இரண்டு ஓட்டத்தில் தெரிந்துவிடும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூடவே கூட்டிப் போங்கள். கிளட்சு தேய்மானத்தின் அளவைக்கூட அதில் படிக்கலாம்.

இதே ஆக்டேவியாவின் 2.0 டீசலில் வருவது ஆறு கியர் டிஎஸ்ஜி, எண்ணெயில் மூழ்கிய கிளட்சு. இது சூட்டைத் தாங்கும். ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்றியே ஆக வேண்டும், அதற்கு ரசீது கேளுங்கள்.

அடுத்தது தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது, சந்திப்பு பேருந்து நிலையம் மூழ்கியது. அன்று எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன, அவற்றில் பல இன்று துடைத்துப் பளபளப்பாக விற்பனைக்கு நிற்கலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மாட்டிய கேரள வண்டிகளும் எல்லையிலுள்ள புளியரை வழியாக இந்தப் பக்கம் வந்திருக்கலாம். மின்னணுப் பெட்டிகள் நிறைந்த இந்த மாதிரி வண்டிக்கு வெள்ளம் மெதுவாக வேலை செய்யும் விஷம். இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் போகும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், யாரும் அதைக் கடைசி வரை கழுவுவதில்லை. வண்டல் கோடு அங்கே இருக்கும். ஸ்டெப்னி குழி, சீட் தண்டவாளத் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம், ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த செம்பு, இவற்றையும் பாருங்கள். திருச்செந்தூர், உவரி பக்கம் கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் ஜாக்கியில் ஏற்றி அடித்தளத் துருவையும் பார்க்க வேண்டும்.

கேரளப் பதிவு எண் வண்டி மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவில் பாதி பேப்பர் வேலைக்குப் போய்விடும். அங்கிருந்து படிவம் 28ல் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, அதற்குத் தனியாக ஆயுள் வரி. வேறு மாநில எண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டவும் முடியாது. "எல்லாம் நான் பார்த்துக்கிடுதேன்" என்று தரகர் சொன்னால், பார்த்து முடித்த பிறகு மீதிப் பணம் என்று சொல்லுங்கள். கடன் இருந்த வண்டி என்றால் கடன் முடிந்ததற்கான வங்கியின் படிவம் 35 வந்ததா என்று கேளுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், அடமானம் உண்டா என்று தெரியும். அபராதப் பாக்கியையும் அங்கேயே இ-சலான் பகுதியில் பார்க்கலாம்.

சின்னச் சின்னதாகச் சிலவும் உண்டு. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் போல இருந்தால் யாரோ போர்வெல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், நம் ஊர் உப்புத் தண்ணீர் உள்ளே போய் என்ன செய்யும் என்று வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 1419 என்றால் 2019ன் பதினான்காவது வாரத் தயாரிப்பு. பட்டன் (டயரின் மேல்வரி) எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வயதில் டயரை மாற்றித்தான் ஆக வேண்டும், விலையில் கழியுங்கள். பின்னால் ஆர்எஸ் (ஆக்டேவியாவின் வேக ரகம்) என்று எழுதியிருந்தால் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். 2017ல் நமக்கு வந்த 230 பிஎஸ் ஆர்எஸ் மொத்தமே 500 வண்டிகள்தான், எழுத்தை மட்டும் யாரும் வாங்கி ஒட்டலாம். ரீமேப் செய்த (இன்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டிய) வண்டியா என்று நேராகக் கேளுங்கள். கூட்டிய சக்தி முதலில் தின்பது அந்த உலர் கிளட்சைத்தான்.

பேசி முடித்ததும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, உடனே பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி, அவரோடு போய்விடும், அதனால் பிரீமியத்தில் அந்த வித்தியாசத்தையும் கட்ட வேண்டியிருக்கும். அதுவும் அந்த ஒன்றரை லட்சத்திலிருந்துதான்.