கல்லீரல் லோப்யூல் படம்: அம்புக்குறியில் சறுக்காமல் வரைய

லோப்யூல் என்பது கல்லீரலின் சிறிய அடிப்படை அலகு. அதை வரைய முதலில் ஒரு அறுகோணம் போடுங்கள். (நுண்ணோக்கி ஸ்லைடில் இந்த எல்லை பன்றிக் கல்லீரலில்தான் பளிச்சென்று தெரியும், மனிதனில் தேட வேண்டும்.) நடுவில் மையச் சிரை. மூலைகளில் போர்ட்டல் சிரைக் கிளை (குடலிலிருந்து ரத்தம் கொண்டுவருவது), கல்லீரல் தமனிக் கிளை, பித்த நாளம்.

பலரும் தப்பு செய்வது அம்புக்குறியில். ரத்தம் மூலையிலிருந்து நடுவுக்குப் போகும். பித்தம் அதற்கு நேரெதிராக மூலைக்கு வரும். ரத்தம் ஓரத்திலிருந்து நுழைவதால் ஓரத்துச் செல்களுக்கு ஆக்சிஜன் தாராளம், மையத்தை ஒட்டியவை மிச்சத்தில்தான் காலம் தள்ளுகின்றன. ஆனால் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் அங்கேதான் அதிகம். பாராசிட்டமால் அளவு மீறினால் முதலில் அடிபடுவதும் அந்த மையப்பகுதியே.

அப்புறம், சைனுசாய்டுக்குள் (செல் வரிசைகளுக்கு இடையே ரத்தம் ஓடும் நுண்குழாய்) ஒரு கூஃப்பர் செல்லையும் வரைந்துவிடுங்கள். கிருமிகளை விழுங்குவது அதுதான்.