செல் போர்டுகளைக் கொண்டு பெரிய சர்வரைத் தனித்தனிப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் முறை

ஒரே கேபினெட்டில் இருக்கும் பெரிய சர்வரை, தனித்தனி இயங்குதளத்துடன் ஓடும் பல இயந்திரங்களாக வன்பொருள் அளவிலேயே பிரிக்கும் வசதி யூனிக்ஸ் உலகில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. 1997-இல் வெளிவந்த சன் என்டர்பிரைஸ் 10000 சர்வரில் 16 போர்டுகளும் 64 செயலிகள் வரையும் பொருத்தலாம்; அவற்றை டொமைன்களாகப் பிரித்துக்கொள்ளலாம். 2000-இல் எச்பி அறிமுகப்படுத்திய சூப்பர்டோமில் இந்தப் பிரிவுகளுக்கு என்-பார்ட்டிஷன் என்று பெயர். கீழே உள்ள வழிமுறை, எச்பியின் யூனிக்ஸ் இயங்குதளமான எச்பி-யுஎக்ஸ் ஓடும் சூப்பர்டோம் வகைச் சர்வர்களுக்கானது.

இந்தப் பிரிவினை எதைத் தரும், எதைத் தராது என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மெய்நிகர் இயந்திரங்கள் அனைத்துக்கும் அடியில், அவற்றை நடத்தும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் இருக்கிறது; அது நின்றால் அதன் மேல் ஓடுபவை எல்லாம் நிற்கும். என்-பார்ட்டிஷன்களுக்கு அடியில் அப்படியொரு பொது மென்பொருள் இல்லாததால், ஒன்றில் செயலியோ நினைவகமோ பழுதாகி அது விழுந்தாலும் பக்கத்தில் உள்ளது தன் வேலையைத் தொடரும். ஆயினும் மின்வழங்கல், போர்டுகளை இணைக்கும் பேக்பிளேன், எம்பி எனப்படும் மேலாண்மைச் செயலி ஆகியவை எல்லாருக்கும் பொது. ஆகவே ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும்படி அமைத்த கிளஸ்டரின் இரு நோடுகளையும் ஒரே சர்வரின் இரு பார்ட்டிஷன்களில் வைத்துவிட்டு, தடையில்லாச் சேவை உறுதியாகிவிட்டது என்று நம்பியிருப்பது சரியன்று.

பிரிவினையின் அலகு செல் போர்டு. செயலிகளும் நினைவகமும் அதன் மேலேயே இருப்பதால், அரைச் செல்லை ஒருவருக்கும் மீதியை மற்றொருவருக்கும் கொடுக்க இயலாது. எந்தச் செல் எங்கே இருக்கிறது என்பதை அறிய, பார்ஸ்டேட்டஸ் கட்டளையைப் பெரிய எழுத்து ‘சி’ விருப்பத்துடன் இயக்க வேண்டும். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வரி வரும். செயலிப் பத்தியில் 4/0/4 என்று இருந்தால், நான்கு செயலிகள் நலமாக உள்ளன, ஒதுக்கிவைக்கப்பட்டது எதுவுமில்லை, அதிகபட்ச இடமும் நான்குதான் என்று பொருள். நடுவில் பூஜ்யத்துக்குப் பதிலாக வேறு எண் தென்பட்டால், அந்தச் செல்லைச் சரிசெய்த பிறகே திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதே வரியில் செல் எந்த ஐ/ஓ சேசிஸுடன் (அட்டைகளைப் பொருத்தும் கூடு) இணைந்திருக்கிறது, பார்ட்டிஷனைப் பூட் செய்யும் கோர் செல்லாக இருக்கத் தகுதி உண்டா என்பவையும் தெரியும்.

திட்டங்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இந்தக் கோர் செல் தகுதிதான். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் கோர் ஐ/ஓ அட்டை உள்ள சேசிஸுடன் இணைந்த செல் ஒன்றாவது வேண்டும். இல்லையெனில் அது பூட் ஆகாது. சூப்பர்டோம் கேபினெட் ஒன்றில் எட்டுச் செல்கள் வரை இருக்கலாம் என்றாலும், உள்ளே 12 ஸ்லாட் கொண்ட சேசிஸ்கள் நான்குக்குத்தான் இடம். தனியாக ஐ/ஓ கேபினெட் இணைக்காதவரை, எட்டுச் செல்களை வைத்து எட்டுப் பார்ட்டிஷன்கள் என்று கணக்குப் போட முடியாது. பூட் டிஸ்க்கும் நெட்வொர்க் அட்டையும் அந்தந்தச் சேசிஸில் இருப்பதால், செல்லை மாற்றினால் அவையும் கூடவே போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரே பார்ட்டிஷனில் சேரும் செல்களில் ஒரே வகைச் செயலியும் ஒரே ஃபர்ம்வேர் பதிப்பும் இருக்க வேண்டும். நினைவக அளவும் சமமாக இருந்தால், தரவைப் பல செல்களின் நினைவகத்தில் பரப்பிவைக்கும் இன்டர்லீவிங் சீராக அமையும். ஒரு கேபினெட்டில் நான்கு நான்கு செல்களாக, கிராஸ்பார் எனப்படும் இரு இணைப்பு மையங்களில் இணைந்திருப்பதால், இயன்றவரை ஒரே கிராஸ்பாரின் செல்களையே சேர்ப்பது நல்லது; நினைவகத்தை எட்டும் தாமதம் குறையும்.

வேண்டிய செல்கள் ஏற்கெனவே வேறு பார்ட்டிஷனில் இருந்தால், பார்மாடிஃபை கட்டளையால் அவற்றை விடுவிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் செல் அந்தக் கட்டளையுடனேயே விடுபட்டுவிடாது. அந்தப் பார்ட்டிஷன் மறுகட்டமைப்புக்கான ரீபூட் செய்யும்வரை மாற்றம் நிலுவையில் நிற்கும். இங்கே எழுத்தைக் கவனிக்க வேண்டும். ஷட்டவுன் கட்டளையில் சிறிய எழுத்து ‘ஆர்’ சாதாரண ரீபூட்டையே செய்யும். பெரிய எழுத்து ‘ஆர்’ கொடுத்தால்தான் எல்லாச் செல்களும் ரீசெட் ஆகிப் புதிய பங்கீடு நடப்புக்கு வரும். நிலுவை மாற்றம் இருக்கும்வரை மற்றச் செல் மாற்றங்களும் தடைபடக்கூடும் என்பதால், ரீபூட்டுக்கான நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொண்டு தொடங்குவதே முறை. மனம் மாறினால் நிலுவையை ரத்துசெய்யப் பார்அன்லாக் கட்டளை உண்டு.

செல்கள் விடுபட்ட பின் பார்கிரியேட் கட்டளையில் பார்ட்டிஷனின் பெயரையும் செல் எண்களையும் கொடுத்தால், வேலை ஒரே வரியில் முடிந்துவிடும். கோர் செல்லாக எது வேண்டும் என்பதையும் அங்கேயே குறிப்பிடலாம். பெரிய எழுத்து ‘பி’ (B) விருப்பத்தைச் சேர்க்காவிட்டால் புதிய பார்ட்டிஷன் பூட் ஆகாமல் காத்துநிற்கும். எம்பியின் கட்டளைப் பட்டியலில் பிஓ (BO) கொடுத்து அதை எழுப்ப வேண்டும். பிறகு சிஓ மூலம் அதன் கன்சோலுக்குள் சென்று பூட் பாதையை அமைத்து, தனி இயந்திரத்தில் செய்வதைப் போலவே இயங்குதளத்தை நிறுவ வேண்டும்.

எம்பியில் உள்ள இரண்டு கட்டளைகளில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஜெனிசிஸ் என்ற தொடக்கப் பார்ட்டிஷனை உருவாக்கும் சிசி, ஏற்கெனவே உள்ள எல்லாப் பார்ட்டிஷன் வரையறைகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். ஆர்எஸ் எந்தப் பார்ட்டிஷனை ரீசெட் செய்வது என்று கேட்கும்போது எண் தவறினால், பக்கத்துப் பார்ட்டிஷன் விழும். வன்பொருள் எல்லை அதைத் தடுக்காது. எனவே பார்ஸ்டேட்டஸின் முழு வெளியீட்டையும் வேறொரு இயந்திரத்தில் சேமித்துவைத்த பிறகே எம்பியில் கைவைக்க வேண்டும்.

ஒரு பார்ட்டிஷனில் ரூட் உரிமை உள்ளவர் மற்றப் பார்ட்டிஷன்களின் அமைப்பையும் இயல்பாகவே மாற்ற முடியும். வெவ்வேறு குழுக்களிடம் ஒப்படைப்பதாக இருந்தால், எஸ்எக்ஸ்1000 சிப்செட்டும் அதற்குப் பிந்தையதும் உள்ள சர்வர்களில் எம்பியின் பார்பெர்ம் கட்டளையால் அந்த உரிமையைக் கட்டுப்படுத்திய பிறகே ரூட் கடவுச்சொல்லைக் கையளிக்க வேண்டும்.