ஈர இலை மேல பிரேக் பிடிக்காதீங்க

ஆம்ஸ்டர்டாம்ல அக்டோபர், நவம்பர்ல சைக்கிள் ஓட்டப் போறீங்கன்னா மழையை விட உதிர்ந்து கிடக்குற ஈர இலைக்குத்தான் பயப்படணும், வொண்டெல்பார்க் மாதிரி மரம் அடர்ந்த இடத்துல அது பாதையோட ஒட்டிக்கிட்டு சோப்பு தடவின தரை மாதிரி ஆயிடும், அதனால திருப்பத்துக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டு வளையும்போது பிரேக்கைத் தொடாம போங்க. டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா வச்சா பிடிப்பு நல்லாருக்கும் (டயர் பக்கவாட்டுல போட்டிருக்குற குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ மட்டும் போயிடாதீங்க). டிராம் தண்டவாளத்தை நேரா குறுக்க கடக்கணும், சாய்வா போனா சக்கரம் உள்ள மாட்டிக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிடுவாங்க, அப்புறம் ஆபீஸ் விடும்போதே இருட்டிடும். முன்னாடி வெள்ளை இல்லன்னா மஞ்சள், பின்னாடி சிவப்பு லைட் வேணும், இல்லன்னா ஃபைன்தான். சட்டையில மாட்டுற குட்டி லைட்டே போதும், திருட்டு பயமும் இல்ல!