இங்கிலீஷ் மெயில்ல அந்த கேள்விக்குறி எங்க வரணும்?

தமிழ்ல "அவன் எங்க இருக்கான்னு கேட்டேன்"னு சொல்றப்ப கேள்விய அப்படியே உள்ள வெச்சு பின்னாடி ஒரு "னு" ஒட்டிட்டா வேலை முடிஞ்சுது, அதே பழக்கத்துல இங்கிலீஷ்லயும் "ஐ ஆஸ்க்டு ஹிம் வேர் இஸ் ஹி?"னு எழுதிடறோம். நல்லா படிச்சவங்க மெயில்ல கூட இத நான் நிறைய பாக்குறேன். இங்கிலீஷ்ல "னு" கிடையாது, அதுக்கு பதிலா வார்த்தைங்க இடம் மாறும்: "ஐ ஆஸ்க்டு ஹிம் வேர் ஹி வாஸ்". கேட்டேன்னு சேதிதான சொல்றோம், படிக்கிறவங்ககிட்ட எதுவும் கேக்கலையே, அதனால கடைசியில முற்றுப்புள்ளிதான். ஆனா "குட் யூ டெல் மீ வேர் ஹி இஸ்?"க்கு கேள்விக்குறி வேணும், ஏன்னா "குட் யூ"ங்கறது நிஜமாவே கேள்வி, அப்பவும் உள்ள "ஹி இஸ்"தான், "இஸ் ஹி" கிடையாது. இது ஒண்ணு பழகிட்டாலே உங்க மெயில் படிக்க எவ்வளவோ நல்லா இருக்கும்.

அடுத்தது கமா. "மழை பெஞ்சுது, நான் வரல"னு தமிழ்ல தாராளமா எழுதலாம், இங்கிலீஷ்ல ரெண்டு முழு வாக்கியத்த வெறும் கமா வெச்சு ஒட்டுனா தப்புன்னு எடுத்துப்பாங்க. நடுவுல முற்றுப்புள்ளி வைங்க, இல்ல கமாவுக்கு அப்புறம் "ஸோ" போடுங்க. "ஹவெவர்" போட்டு ரெண்டு வாக்கியத்த சேக்குறப்பவும் இதேதான், அதுக்கு முன்னாடி புள்ளியோ அரைப்புள்ளியோ வரணும், கமா அதுக்கு பின்னாடி.

"ரெண்டு வருஷமா இங்க வேலை பாக்குறேன்"ங்கறத "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்"னு சொல்றோம். எவ்வளவு காலம்னு சொல்ல "ஃபார்", எப்போ ஆரம்பிச்சுதுன்னு சொல்லத்தான் "சின்ஸ்". "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்", இல்லன்னா "சின்ஸ் 2023".

"டிஸ்கஸ் அபவுட்" வேணாம், "டிஸ்கஸ்" போதும், "பத்தி" அதுக்குள்ளயே இருக்கு. "ரிப்ளை பேக்"ல "பேக்"கும் அப்படித்தான்.

"டவுட்" விஷயத்துல மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. நமக்கு சந்தேகம்னா புரியாதத கேக்குறதும் அதான், நம்பாம இருக்கறதும் அதான். "ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்"னு லண்டன்ல இருக்கற ஒருத்தருக்கு அனுப்புனா, தன் ரிப்போர்ட்ட நம்பலையோன்னு அவர் நெனச்சுக்கலாம். "ஐ ஹேவ் எ கொஸ்டின்"னு எழுதுங்க.